சாவி யாரிடம் இருக்கிறது? குமரி மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பெற்றோர் கூட்டம், மகளிர் சுய உதவிக் குழு, கோயில் சமய வகுப்பு, கத்தோலிக்கப் பங்கின் அன்பியக் கூட்டம் என்று எங்கே பேசப் போனாலும், கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பவர்கள் ஓரிருவர்தான். மற்ற கேள்விகள் எல்லாம் வெளியே செருப்பு மாட்டும் இடத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும். பல ஆண்டுகளாக அப்படிக் கேட்கப்பட்டவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

‘ஆபத்தில் இருக்கும் குழந்தை’ என்று யாரைச் சொல்கிறீர்கள்? ஏழை வீட்டுப் பிள்ளைகளையா?

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூண்டு ஏறிவிட்டால் புயல் கரையைக் கடந்துவிட்டது என்று யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டுகிறோம், வலையைப் பத்திரப்படுத்துகிறோம், கடலுக்குப் போனவர்களைத் தேடுகிறோம். அப்பாவின் குடி, அம்மாவின் நீண்ட நோய், வீட்டில் ஓயாத அடிதடி, பிள்ளைக்கு இருக்கும் உடல் அல்லது மனவளர்ச்சிக் குறைபாடு, அடிக்கடி வீடு மாறுவது, பள்ளி நின்றுபோவது எல்லாம் அப்படிப்பட்ட கூண்டுகள். தீங்கு நடந்துவிட்டது என்று அவை சொல்வதில்லை, கவனி என்று சொல்கின்றன.

வறுமையும் ஒரு கூண்டுதான், ஆனால் பலவற்றில் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அந்தப் பெருமையிலேயே ‘படித்தவர்கள் ஊர், இங்கே இதெல்லாம் நடக்காது’ என்று சொல்லிவிடுகிறார்கள். நான் பார்த்த வீடுகளில் மிகவும் கவலைப்படவைத்த ஒன்று, மார்பிள் தரை போட்ட இரண்டு மாடி வீடு. பெற்றோர் இருவரும் வளைகுடாவில். வீட்டில் இருந்தவர்கள் காது கேளாத பாட்டியும் பதினான்கு வயதுப் பேத்தியும். மேல் மாடியில் ஒரு வாடகைக் குடித்தனம்.

2015 இளைஞர் நீதிச் சட்டம் 18 வயது நிறையாத இத்தகைய பிள்ளைகளைப் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்கிறது. எனக்குப் பிடித்த சொல் அதில் ‘தேவைப்படும்’ என்பதுதான். அது பிள்ளைமேல் முத்திரை குத்தவில்லை, பெரியவர்களுக்கு வேலை சொல்கிறது.

ஒரே வயிற்றில் பிறந்த இருவர். அண்ணன் தடம் மாறிப் போனான், தம்பி கல்லூரி வரை வந்துவிட்டான். எப்படி?

முதலில் ஒன்று: ஒரே வீடு என்றாலும் இருவரும் வளர்ந்தது ஒரே வீட்டில் அல்ல. அப்பாவுக்கு வேலை போனபோது அண்ணனுக்கு ஒன்பது வயது, எல்லாம் புரியும். தம்பி அப்போது பாட்டியின் மடியில் இருந்தான்.

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஆய்வு ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் நடந்தது. 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு உளவியலாளர்கள் அவர்கள் நடுவயதை எட்டும் வரை பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்; நம் கீரிப்பாறை, பேச்சிப்பாறைக்காரர்களுக்கு அந்நியமான வாழ்க்கை அல்ல. வறுமை, பிரசவச் சிக்கல், குடும்பச் சச்சரவு, பெற்றோரின் குடி, மனநோய் என்று இரண்டு வயதுக்குள்ளேயே நான்கோ அதற்கு மேலோ சுமை ஏறியிருந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர், நம்பிக்கையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்கு ஏதோ அபூர்வ மனவலிமை இருந்தது என்று ஆய்வு சொல்லவில்லை. பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியோ, சித்தியோ, ஆசிரியரோ, நிலையாகப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் இருந்தார். சேர்ந்திருக்க ஒரு பள்ளியோ வழிபாட்டுக் கூட்டமோ குழுவோ இருந்தது. பதின்வயதில் தடுமாறியவர்களிலும் பலர் பிறகு, முப்பதுகளில், நிமிர்ந்துவிட்டார்கள். அண்ணனை இப்போதே கைகழுவிவிடாதீர்கள் என்று சொல்வதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இங்கிலாந்தின் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் கண்டது இன்னொரு முக்கியமான விஷயம். ஒரே ஒரு பெரிய சுமை மட்டும் உள்ள பிள்ளைகளிடம் மனநலக் கோளாறு அதிகமாகவில்லை. இரண்டாவது, மூன்றாவது என்று சேரும்போதுதான் நிலைமை மோசமானது. அதுவும் கூட்டல் கணக்காக இல்லை, பெருக்கல் கணக்காக. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஒரு சுமையை இறக்கினாலும் நல்ல பலன் உண்டு. அப்பாவின் குடியை நம்மால் நிறுத்த முடியாமல் போகலாம். அவர் குடித்துவிட்டு வீடு திரும்பும் மாலை ஏழு முதல் ஒன்பது வரை பிள்ளை வேறு எங்காவது பத்திரமாகப் படித்துக்கொண்டிருக்க ஏற்பாடு செய்ய முடியும்.

நம் மாவட்டத்துக்கென்று தனியாக ஆபத்துகள் உண்டா?

பொதுவான ஆபத்துகள்தான், ஆனால் அவை நுழையும் நேரமும் வாசலும் தொழிலுக்குத் தொழில் மாறுகின்றன.

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வீட்டை எடுத்துக்கொள்வோம். விடிவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அதிகாலை மூன்று, மூன்றரைக்குக் கணவனும் மனைவியும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஆறு வயதும் பதினொரு வயதுமாக இரண்டு பிள்ளைகள் உள்ளே தூங்குவார்கள். வெளியே பூட்டினால் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று பயம். பூட்டாவிட்டால் வேறு பயம். நான் அந்த வீட்டுக்குப் போனபோது ஆபத்து, பாதுகாப்பு என்றெல்லாம் பேசவில்லை. “சாவி யாரிடம் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டேன். அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, தோட்டத்தில் கூட வேலை செய்யும் ஒருவரின் தம்பியிடம் ஒரு சாவி உண்டு, அவன் காலையில் பால் பாக்கெட் வைத்துவிட்டுப் போவான் என்றார். அவனைப் பற்றி வேறு என்ன தெரியும் என்று கேட்டேன். நல்ல பையன் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. அவன் நல்ல பையனாகவே இருக்கலாம். ஆனால் தூங்கும் பிள்ளைகளின் சாவி அவனிடம் போனதை யாரும் யோசித்து முடிவு செய்யவில்லை என்பதுதான் அங்கே இருந்த கூண்டு.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கதை வேறு. அங்கே ஆண்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறார்கள். ஊர் முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும்தான். அதனாலேயே அங்கே சித்தியும் பெரியம்மாவும் சேர்ந்து வளர்க்கும் பழக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. மாலையானால் பையன்களைக் கால்பந்து மைதானம் வாங்கிக்கொள்கிறது. அது பெரிய காப்பு. ஆபத்து வருவது பதினைந்து பதினாறு வயதில்: பத்தாம் வகுப்பு தவறியதும் “மாமாவோடு படகில் போகட்டும்” என்கிறார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும், 18 வயதுக்கு உட்பட்டவர்களை ஆபத்தான வேலைகளிலும் வைக்கக் கூடாது என்கிறது 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். குடும்பத்தார் நடத்தும் ஆபத்தில்லாத தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு உண்டு. நடுக்கடலில் ஒரு மாதம் இருப்பது அந்த விலக்கில் வராது.

விளவங்கோடு, கல்குளம் பகுதியில் முந்திரி ஆலைக்கு, எங்கள் வாய்ச்சொல்லில் அண்டியாபீசுக்கு, அம்மாக்கள் காலையிலேயே போய்விடுவார்கள். பள்ளி விட்டு அம்மா வரும் வரை உள்ள இரண்டு மணி நேரம்தான் அங்கே கவனிக்க வேண்டியது. ஆரல்வாய்மொழிப் பக்கச் செங்கல் சூளைகளில் பருவத்துக்கு வந்து போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியே தொடர்ச்சியாக இல்லை. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக் குடியிருப்புகளில் தூரமே ஆபத்து. சின்ன வயதிலேயே விடுதிக்குப் போகும் பிள்ளை, வாரக் கடைசியில் யாரிடம் மனம்விட்டுப் பேசும் என்று யோசியுங்கள்.

அப்பா இறந்தும் பிள்ளை அழவே இல்லை. தைரியசாலி என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். சரிதானே?

இந்தக் கேள்விக்கு என் சொந்தத் தவற்றைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு ஒரு கடலோரப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். அப்பா திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை, அதனால் அந்த வீட்டில் துக்கம்கூடத் தொடங்கவில்லை. அவளோ ஒரு நாள் விடுப்பு எடுக்காமல், இறுகப் பின்னிய இரட்டைச் சடையோடு, தம்பியின் சோற்றுப் பாத்திரத்தையும் சுமந்துகொண்டு வருவாள். வகுப்பில் மூன்றாம் இடம். “இவளைப் பாருங்கள், எப்படித் தாங்கி நிற்கிறாள்” என்று மற்ற பிள்ளைகள் முன்னால் சொன்னேன். கை தட்டவும் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய கணக்கு ஆசிரியை ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். கடைசிப் பக்கத்தில் பென்சிலால், வரிசை தவறாமல்: பால் 340, கடை 1,150, தம்பி செருப்பு, அம்மா மாத்திரை. பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ‘வெள்ளி’, ‘அடுத்த வாரம்’ என்று தவணை. அம்மா அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தது. அதற்கு நான் கை தட்ட வைத்திருந்தேன். கை தட்டல் கிடைத்த பிள்ளை அதன்பிறகு யாரிடம் போய் முடியவில்லை என்று சொல்லும்?

மீள்திறன் என்பது அழாமல் இருப்பது அல்ல. அழலாம் என்று நம்பும் அளவுக்கு ஓர் ஆள் இருப்பதும், அடி விழுந்த பிறகு சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, படிப்பு எல்லாம் மெல்லத் தன் இடத்துக்குத் திரும்புவதும்தான். அந்தப் பெண்ணின் அம்மாவை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டினோம். பால் கணக்கை அத்தை எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு அவள் வகுப்பில் மூன்றாம் இடத்திலிருந்து பதினொன்றுக்கு இறங்கினாள்; மாலையில் எறிபந்து விளையாடத் தொடங்கியிருந்தாள். எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது.

எந்த அறிகுறிகளைப் பார்க்க வேண்டும்?

மாற்றத்தைப் பாருங்கள். வாயாடி ஊமையாவது, சாதுவானவன் திடீரென அடிக்கத் தொடங்குவது, ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கோ ஆளிடமோ போக மறுப்பது, படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் திரும்ப வருவது, வயதுக்கு மீறிய பாலியல் சொற்கள், யார் வாங்கிக் கொடுத்தது என்று சொல்ல முடியாத கைப்பேசி. இவற்றில் எதுவும் தனியாக ஒன்றை நிரூபிக்காது. பையன்களிடமும் பாருங்கள், பையனுக்கு என்ன நடக்கப் போகிறது என்ற அலட்சியம் நம்மிடம் நிறைய இருக்கிறது.

சந்தேகம் மட்டும்தான் இருக்கிறது. ஆதாரம் இல்லாமல் சொல்லலாமா?

பாலியல் குற்றம் என்றால் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் காவல் துறைக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நிறுவனத்தின் பொறுப்பாளர் தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது. ஆதாரம் தேடுவது காவல் துறையின் வேலை. நீங்கள் துப்பறியத் தொடங்கி, பிள்ளையிடம் பத்து முறை ஒரே கேள்வியைக் கேட்டால், வழக்கும் கெடும், பிள்ளையும் நொந்துபோகும்.

போலீஸ் என்றதும் பயப்படுகிறார்கள். சட்டம் சொல்வது இது: வாக்குமூலம் வாங்க, இயன்றவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், பிள்ளையின் வீட்டுக்கோ பிள்ளை விரும்பும் இடத்துக்கோ வர வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயர், படம், பள்ளி எதுவும் வெளியே வரக் கூடாது. இது எழுத்தில் உள்ளது. நடைமுறையில் எல்லா இடத்திலும் இப்படியே நடக்கிறது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் இவற்றைத் தெரிந்துகொண்டு, கேட்டு வாங்க நீங்கள் கூடப் போனால் நிறைய வித்தியாசம் உண்டு.

பாலியல் குற்றம் அல்லாத அடி, பட்டினி, வேலை, கல்யாண ஏற்பாடு எதுவானாலும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

ஊர்க் கமிட்டியில் பேசி முடித்துவிட்டால் என்ன? பெண் பிள்ளையின் வாழ்க்கை அல்லவா?

முடிக்க முடியாது. இது வேலி எல்லைத் தகராறு அல்ல. பணம் வாங்கிச் சமாதானமாகும் உரிமை ஊருக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. ‘அவனையே கட்டிவைத்துவிடலாம்’ என்பது இரண்டாவது குற்றம். 18 வயது நிறையாத பெண்ணுக்குச் செய்யும் கல்யாணம் 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி தண்டனைக்குரியது.

இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் குற்றவாளி பிள்ளைக்குத் தெரிந்தவர்தான். அதனால்தான் சமரசம் பேச ஆட்கள் கிடைக்கிறார்கள். மிட்டாய் கொடுக்கும் முகம் தெரியாத ஆளைப் பற்றிப் பிள்ளைகளை மணிக்கணக்கில் எச்சரிக்கிறோம். அந்த ஆள் மட்டும் வந்திருந்தால் ஊர்க் கமிட்டி கூடியிருக்காது, ஊரே அடித்திருக்கும்.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ சொல்லிக் கொடுத்தால் போதுமா?

சொல்லிக் கொடுங்கள், ஆனால் அதோடு கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தன்னைத் தானே காத்துக்கொள்ளும் பொறுப்பை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோமோ என்று எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல். வகுப்பு முடிந்ததும் நான் பிள்ளைகளிடம் கேட்பது வேறு: “ராத்திரி பயம் வந்தால் யாரை எழுப்புவாய்?” பதில் சொல்லாமல் சிரிக்கும் பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொள்கிறேன்.

அடித்து வளர்த்தால்தானே உறுதி வரும்?

‘அடியாத மாடு படியாது’ என்பது மாட்டைப் பற்றிய பழமொழி. பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. வீட்டில் அடிவாங்கும் பிள்ளை கற்றுக்கொள்ளும் முதல் பாடம், தவறு செய்தால் மறைக்க வேண்டும் என்பது. வெளியே யாராவது தவறாக நடந்தால் அதையும் சேர்த்து மறைக்கும்.

வீடு சரியில்லை என்றால் ஹோமில் சேர்த்துவிடுவது நல்லதுதானே?

நம் மாவட்டத்தில் இது பழகிப்போன பதில். அம்மா தனியாளானால் பிள்ளைகளை ஹோமில் விடு, சோறும் படிப்பும் கிடைக்கும் என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். இளைஞர் நீதிச் சட்டம் நேர் எதிராகச் சொல்கிறது: குடும்பத்தில் வளர்வதே முதல் வழி, இல்லம் கடைசி வழி. அம்மாவுக்குப் பணம்தான் குறை என்றால் பிள்ளையை ஏன் பிரிக்க வேண்டும்? ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான வாத்சல்யாவில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளும், உறவினர் வீட்டில் வளரும் பெற்றோர் இல்லாத பிள்ளைகளும் கேட்கலாம். ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய். நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும்.

வீட்டில் இருப்பதே ஆபத்து என்றால் பிள்ளையை வெளியே எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை முடிவு செய்வது அந்தச் சட்டப்படி அமைந்த குழந்தைகள் நலக் குழு. கண்டெடுத்த பிள்ளையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுமுன் கொண்டுபோக வேண்டும். பதிவு செய்யாத இல்லம் எவ்வளவு பக்தியோடு நடத்தப்பட்டாலும் அது சட்டவிரோதம். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்ல உங்களுக்குக் கூச்சம் வேண்டாம்.

நான் பக்கத்து வீட்டுக்காரி மட்டும்தான். என்னால் என்ன ஆகும்?

மேலே சொன்ன பால் வெட்டும் வீட்டுக்குப் பிறகு என்ன ஆனது என்று சொல்கிறேன். எதிர்வீட்டில் அறுபது தாண்டிய ஓர் அக்கா இருக்கிறார்; தனியாள், தூக்கம் வராதவர். சாவி இப்போது அவரிடம் இருக்கிறது. பெரியவளுக்கு அவர் வீட்டுத் தொலைபேசி எண் மனப்பாடம். மூன்று மணிக்கு இருவரும் தோட்டத்துக்கு இறங்கும்போது தலைவிளக்கின் வெளிச்சம் அக்காவின் வாசலைக் கடக்கும். உடனே அவர் தன் முற்றத்து விளக்கைப் போட்டுவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். இந்தப் பிள்ளைகள் இடையில் விழித்தால் அந்த வெளிச்சம் தெரியும். கரண்ட் பில் கூடிவிட்டது என்று பார்க்கும்போதெல்லாம் என்னிடம் குறைபட்டுக்கொள்கிறார். விளக்கை மட்டும் ஒரு நாளும் போடாமல் இருந்ததில்லை.